மகாராணி சைஸ்

கோயம்புத்தூரிலிருந்து வந்த அட்டைப் பெட்டியை ஆசைத்தம்பி கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தான். உள்ளே ஒரு சின்ன மோட்டார், அதன் முகப்பில் முள் ஆடும் மீட்டர், இரண்டு ரப்பர் குழாய்கள், பன்னிரண்டு ஜோடி பிளாஸ்டிக் கிண்ணங்கள். கண்ணாடி போலத் தெளிவான கிண்ணங்கள். சில வட்டம், சில முட்டை வடிவம், சில ஒரு பக்கம் மட்டும் இறங்கி மாங்காய் போல இருந்தன. மிகச் சிறியது ரசம் ஊற்றிக் குடிக்கிற அளவு. மிகப் பெரியதில் ஒரு வீட்டுக்குக் குழம்பே வைக்கலாம்.

காற்றால் உறிஞ்சிப் பெண்களின் மார்பைப் பெரிதாக்கும் இயந்திரம் அது. பெட்டியின் மேல் அப்படித்தான் எழுதியிருந்தது. அக்கம்மாள் அதை ஒருமுறை வாசித்தாள். பிறகு கொட்டாவி விட்டாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. திருப்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். முழங்கால் ஒத்துழைக்காமல் போகவே, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று காரைக்குடி செக்காலை ரோட்டில் இந்த அழகு நிலையத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முதலாளி ஆசைத்தம்பி அவளைவிடப் பத்து வயது இளையவன். இதற்கு முன் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றான்; அதற்கு முன் கொசுவலை. இப்போது மனிதத் தோலைப் பற்றிப் பேசுகிறான். அக்கம்மாள் என்ற பெயரைக் கேட்டால் கஸ்டமர் ஓடிப்போவார்கள் என்று அவனே முடிவுசெய்து, அவள் சட்டையில் ‘அக்‌ஷயா’ என்று ஒரு பட்டையைக் குத்திவிட்டிருந்தான். சம்பளத்தைக் கொடுக்கிறவன் பெயரையும் கொடுக்கிறான் என்று அவளும் விட்டுவிட்டாள். அவனோடு சண்டை போடுவது அவனுக்கு மரியாதை கொடுப்பதாகும் என்பது அவள் எண்ணம்.

மெஷினைச் சொல்லிக் கொடுக்கச் சதீஷ்குமார் என்று ஒருவன் கூடவே வந்திருந்தான். கழுத்தில் டை. கோட்டுக்குள் வியர்வை. பெரிய கிண்ணம் ஒன்றை எடுத்து மேசையின் வழவழப்பான பலகை மேல் கவிழ்த்து மோட்டாரைப் போட்டான். கிண்ணம் ஒட்டிக்கொண்டது. அதைப் பிடித்துத் தூக்கினான். மேசையின் ஒரு பக்கம் எழும்பியது.

“பாத்தீங்களா மேடம், டேபிளையே தூக்குதுங்க.”

“தூக்குது. டேபிள் வளந்துச்சா?” என்றாள் அக்கம்மாள்.

அவன் சிரித்தான். ஆசைத்தம்பியும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“கிண்ணத்தோட வெளிம்பு எங்க ஒக்காரணும்? சதை மேலயா, நெஞ்சு மேலயா?”

“அதுங்களா? சைஸ் பாத்துப் போட்டுக்கலாமுங்க.”

“சைஸ எத வச்சுப் பாக்குறது?”

“பாத்தாலே தெரிஞ்சுரும்ங்க மேடம்.”

ஒரு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். அவனைப் போன்ற டை கட்டிய பயல்கள் ஆஸ்பத்திரிக்கும் நிறைய வருவார்கள். வயிற்றைக் கிழித்துக் கிடப்பவன் பக்கத்தில் நின்று தையல் நூலின் பெருமை பேசுவார்கள். ஒரு துளி ரத்தத்தைக் கண்டால் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்று மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அக்கம்மாள் டேப்பை எடுத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் தன் உடம்பிலேயே ஒவ்வொரு கிண்ணமாக வைத்துப் பார்த்தாள். மெஷின் மேல் அவளுக்கு மரியாதை இல்லை. ஆனால் ஒரு கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் அதைத் தெரியாமல் தொடுவது அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு மணி நேரத்தில் விஷயம் புரிந்தது. மார்பு நெஞ்சோடு சேருகிற இடத்தைச் சுற்றி, ஒரு விரல் அகலம் விட்டு, விளிம்பு தட்டையான இடத்தில் உட்கார வேண்டும். கிண்ணம் சிறியதாக இருந்தால் விளிம்பு சதையைக் கவ்வி வளையமாக அறுக்கும். பெரியதாக இருந்தால் மேலே எலும்பில் ஏறும், பக்கவாட்டில் அக்குளை இடிக்கும், காற்று ஒழுகும். அகலமாகப் பரந்த மார்புக்கு முட்டை வடிவம், திரண்டதற்கு வட்டம், தளர்ந்து இறங்கியதற்கு மாங்காய். வீக்கம் எந்தக் கிண்ணத்திலும் வந்தது. எந்தக் கிண்ணத்தில் வந்ததும் அன்று ராத்திரி சாப்பாட்டுக்குள் வடிந்துவிட்டது.

மறுநாள் இதையெல்லாம் ஒரு தாளில் படம் போட்டு எழுதிக் கொடுத்தாள். ஆசைத்தம்பி அதை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தான்.

“அக்கா, நீங்க ஆஸ்பத்திரி மாதிரியே யோசிக்கிறீக. கஸ்டமர் இப்ப எப்படி இருக்காகங்கிறது நமக்கு எதுக்கு? எப்படி ஆகணும்னு ஆசப்படுறாகளோ, அந்த சைஸ் கப்பு. அவ்வளவுதான் லாஜிக்.”

“இதென்ன சார், இட்லித் தட்டா? ஊத்துன அளவுக்கு வேகுறதுக்கு.”

“நெகட்டிவாப் பேசாதீக.”

அவனே ஒரு போர்டு அடித்துச் சுவரில் மாட்டினான். தேவதை, இளவரசி, ராணி, மகாராணி. நான்கு படம், நான்கு நிறம். மகாராணிக்கு மட்டும் தங்க எழுத்து. பன்னிரண்டு அளவை நான்காகச் சுருக்கியதில் வடிவம் எல்லாம் காணாமல் போயிருந்தது. மாங்காய்க் கிண்ணங்கள் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம், அவற்றைப் பெட்டியிலேயே வைத்துவிட்டான்.

ஒரு சனிக்கிழமை காலையில் வீரபாண்டியன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். மண் அள்ளும் வண்டிகள் நான்கு வைத்து வாடகைக்கு விடுகிறவன். கழுத்தில் விரல் தடிமனில் சங்கிலி. உட்கார்ந்ததும் காலை அகட்டி இரண்டு நாற்காலிக்கான இடத்தை எடுத்துக்கொண்டான். சத்தியப்பிரியா ஓரமாக உட்கார்ந்தாள். முப்பத்தைந்து இருக்கும். சிங்கம்புணரிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். கையிலிருந்த பையில் விடைத்தாள் கட்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

ஆசைத்தம்பி போர்டைக் காட்டிப் பேசி முடிப்பதற்குள் வீரபாண்டியன் கண்ணாடி அலமாரி முன்னால் போய் நின்றுவிட்டான். ஹெல்மெட் வாங்குகிறவன் மாதிரி ஒவ்வொரு கிண்ணத்தையும் எடுத்து, திருப்பி, விரலால் தட்டிப் பார்த்தான். ஒன்றைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்து அளவு பார்த்தபோது அக்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இதுதான் இருக்கிறதுலயே பெருசா?” மகாராணியைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

“ஆமா சார். சினிமாக்காரங்க எல்லாம் அதுதான்” என்றான் ஆசைத்தம்பி கூசாமல்.

“அப்ப இதையே போடுங்க. செய்யிறது செய்யிறோம், பெருசாவே செய்வோம்.”

“சார், கப்பு எதுன்னு அளந்து பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்” என்றாள் அக்கம்மாள்.

“என்னத்த அளக்குறது சிஸ்டர்? எனக்குத் தெரியாதா?”

சத்தியப்பிரியா விடைத்தாள் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அக்கம்மாளுக்கு அவள்மீதும் எரிச்சல் வந்தது. நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிறவள், இந்த மனுஷன் கடைக்குக் கூட்டிவந்த ஆட்டுக்குட்டி மாதிரி நிற்கிறாளே. படித்து என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

டேப்பைச் சுற்றினாள். வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் நன்றாகவே வித்தியாசம் இருந்தது. இடது பக்கம் ஒரு சுற்றுச் சின்னது.

“இது எப்ப இருந்து டீச்சர்?”

“ரெண்டாவது புள்ளைக்கு. அவன் ஒரு பக்கம் மட்டும்தான் குடிச்சான். டாக்டர்ட்ட காட்டியாச்சு, ஸ்கேனும் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

அக்கம்மாள் விரல்களால் ஒருமுறை அழுத்திப் பார்த்துத் தானும் நிச்சயம் செய்துகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீக. இதுல ஒண்ணும் வளராது. வீங்கும், நாலு மணி நேரத்துல வத்திரும்.”

“தெரியும்க்கா. பதினொண்ணாம் கிளாஸ்ல நானே நடத்துறேன். கொழுப்பும் சுரப்பியும் காத்த இழுத்தா வளருமா? வளர்ற மாதிரி இருந்தா சைக்கிளுக்குக் காத்தடிக்கிறவன் வீட்டுல எல்லாரும் பயில்வானா இருப்பாங்க.”

அக்கம்மாள் டேப்பை நிறுத்தினாள். ஆட்டுக்குட்டி பேசியது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“பெறகு எதுக்கு வந்தீக?”

“அவரு போன்ல வீடியோ ஒண்ணு பாத்துட்டாரு. ரெண்டு மாசமா சோத்துல ஒக்காந்தா இந்தப் பேச்சு, படுத்தா இந்தப் பேச்சு. பத்து சிட்டிங் வந்துட்டேன்னா வாய மூடுவாருன்னு வந்தேன்.” திரைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “உண்மையச் சொன்னா, எனக்கும் ஒரு குறை இருக்கு. பெருசாகணும்னு இல்ல. போர்டுல எழுதக் கையத் தூக்குனா ஜாக்கெட் ஒரு பக்கம் தளந்து நிக்கும். கடைசி பெஞ்சுல சிரிப்பாங்க. ரெண்டும் சமமா இருந்தாப் போதும்.”

அக்கம்மாள் வெளியே போய்ப் பெட்டியிலிருந்த மாங்காய்க் கிண்ணங்களை எடுத்து வந்தாள். வலது பக்கத்துக்கு ஒரு அளவு, இடது பக்கத்துக்கு அதைவிட ஒரு நம்பர் குறைவு. விளிம்பில் வாசலின் தடவி, மீட்டர் முள் பச்சைக் கோட்டைத் தாண்டாமல் பத்து நிமிஷம் வைத்தாள். வலிக்கவில்லை. சத்தியப்பிரியா படுத்தபடியே ஏழு விடைத்தாள் திருத்தினாள்.

வெளியே வந்தபோது வீரபாண்டியன் மனைவியை மேலும் கீழும் பார்த்தான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன்கூட அதைவிடக் கண்ணியமாகப் பார்ப்பான்.

“தெரியுதே” என்றான் திருப்தியாக. “மகாராணிதான?”

“நீங்க சொன்னதுதான்” என்றாள் சத்தியப்பிரியா.

இரண்டு சனிக்கிழமை இப்படியே போனது. மூன்றாவது சனிக்கிழமை வீரபாண்டியன் காரில் காத்திருக்காமல் மாடிக்கே வந்துவிட்டான். முகம் சரியில்லை.

“என்னங்க ஆசைத்தம்பி, மத்தியானம் இருக்குது, ராத்திரி காணோம். ரெண்டு வாரமா இதே கத. மெஷின்ல பவர் இல்லையா?”

ஆசைத்தம்பி தண்ணீர் மெஷின் விற்ற காலத்துப் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டான். “அக்கா, மகாராணிதான போடுறீக?”

“இல்ல” என்றாள் அக்கம்மாள். “அது இவங்களுக்குச் சேராது. வெளிம்பு எலும்புல ஏறும், அக்குள்ல இடிக்கும். எது சேருமோ அதத்தான் போடுறேன்.”

வீரபாண்டியன் மனைவியைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாங்க கேட்டது ஒண்ணு, நீங்க போட்டது ஒண்ணா?” என்றான். “இன்னைக்கு என் கண்ணு முன்னாடி பெருசப் போடுங்க. முள்ளக் கடைசி வரைக்கும் ஏத்துங்க.”

“அந்தச் செவப்புக் கோட்டத் தாண்டுனா ரத்தம் கட்டும் சார். நான் போட மாட்டேன்.”

“அக்கா, கஸ்டமர் கேக்குறாருல்ல” என்றான் ஆசைத்தம்பி.

“அப்ப நீங்க போடுங்க.”

அவன் பின்வாங்கினான். எந்தக் குழாய் எதில் சொருகுவது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் வீரபாண்டியனுக்கு வீரம் வந்தது.

“ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு இம்புட்டுப் பயமா? கொண்டாங்க. என் மேல போட்டுப் பாக்குறேன். பவர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுரும்.”

“வேண்டாம் சார். ஆம்பள நெஞ்சு தட்டை, எலும்புதான் இருக்கும். தடம் விழுந்தா ரெண்டு வாரம் போகாது.”

“எனக்குப் பாடம் நடத்துறதுக்கு வீட்டுல ஒரு ஆளு இருக்கு சிஸ்டர்.”

சட்டையைக் கழற்றினான். சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மகாராணி ஜோடியை எடுத்து நெஞ்சில் தானே வைத்துக்கொண்டான். அக்கம்மாள் மோட்டாரைப் போட்டாள். கிண்ணம் ஒட்டவில்லை. நெஞ்சு முடியின் இடுக்கு வழியே காற்று சீட்டியடித்தது. அழுத்திப் பிடித்தான், கையை எடுத்ததும் மடியில் விழுந்தது. ராணியும் விழுந்தது. இளவரசி அரை நிமிஷம் நின்று விழுந்தது.

“பாத்தீங்களா, மெஷினே டப்பா” என்றான்.

“மெஷின்ல கொற இல்ல சார். உங்களுக்குத் தேவதைதான் சேரும்” என்றாள் அக்கம்மாள், நோயாளிக்கு மாத்திரை சொல்கிற அதே குரலில்.

சத்தியப்பிரியா கர்ச்சீப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அது வீரபாண்டியன் கண்ணில் பட்டுவிட்டது. ரசக் கிண்ணம் அளவிலிருந்த இரண்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டான். வாசலின் டப்பாவிலிருந்து ஒரு விரல் வழித்து விளிம்பில் தடவிக்கொண்டு, யாரும் தடுப்பதற்குள் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினான்.

இந்த முறை பிடித்தது. நன்றாகவே பிடித்தது. முள் பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, சிவப்பின் கடைசியில் போய் நின்றது. வீரபாண்டியன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. கிண்ணத்துக்குள் சதை குமிழாக எழும்பிச் சிவந்து, சிவப்பு கருத்து, கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

“எடுங்க” என்றான்.

ஆசைத்தம்பி கிண்ணத்தைப் பிடித்து இழுத்தான். கிண்ணத்தோடு வீரபாண்டியனும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தான்.

“இழுக்காதடா” என்று கத்தினான். அதுவரை இருந்த மரியாதை எல்லாம் போயிருந்தது. ஆசைத்தம்பி மோட்டாரை நிறுத்தினான். நிறுத்தினாலும் உள்ளே இருக்கிற இறுக்கம் குறையாது. குழாயில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, அதை அமுக்க வேண்டும். சதீஷ்குமார் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆசைத்தம்பி கேட்கவும் இல்லை.

அக்கம்மாள் எழுந்தாள். முழங்கால் வலியில் எப்போதும் எழுவதைவிட மெதுவாக எழுந்தாள் என்று பின்னால் அவளே ஒப்புக்கொண்டாள். கையைக் கழுவினாள். துண்டில் துடைத்தாள். பிறகு வந்து வால்வை அமுக்கினாள். இரண்டு கிண்ணமும் பொத்தென்று மடியில் விழுந்தன. நெஞ்சில் காம்பைச் சுற்றி இரண்டு வட்டம், காம்பஸ் வைத்து வரைந்தது போல, கருநீல நிறத்தில்.

“ஐஸ் வச்சுக்கங்க” என்றாள். “தேச்சு விடாதீக.”

அவர்கள் போன பிறகு ஆசைத்தம்பி குதித்தான். தப்பு தன்னுடையது என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவள் பேனாவைக்கூட எடுக்கவில்லை. தடுத்தது யார், திருகியது யார், பார்த்துக்கொண்டு நின்றது யார் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னாள். அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தபோது போர்டில் ஐந்தாவதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. நீல நிறத்தில் ஒரு ஆண். ‘சக்கரவர்த்தி: ஆண்களுக்கு மட்டும்.’ சின்னக் கிண்ணம் ஆண்கள் நெஞ்சில் நன்றாகப் பிடிக்கிறது என்பதுதான் நடந்ததிலிருந்து அவன் கற்றுக்கொண்ட பாடம். இவனிடம் இனி ஒரு வார்த்தை பேசினாலும் அது வீண் என்று அக்கம்மாளுக்குத் தோன்றியது. பெயர்ப் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் சத்தியப்பிரியா போன் செய்தாள்.

“அக்கா, வெள்ளிக்கிழமை எங்க ஊர்ல கும்பாபிஷேகம். மாமனார் காலமான பெறகு மொத மரியாதை இவருக்குத்தான். வெறும் மேலோடதான் போகணும்.”

“துண்டப் போத்திக்கிட்டுப் போகவேண்டியதுதான?”

“போத்திக்கிட்டுத்தான் போனாரு. சாமி முன்னாடி துண்ட இடுப்புல கட்டுங்கன்னுட்டாரு பூசாரி. ஊரே நிக்குது. கட்டுனாரு.”

சத்தியப்பிரியாவின் குரல் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

“என்னப்பா இதுன்னு எல்லாரும் கேட்டாங்க. மாடு முட்டிருச்சுன்னாரு. எங்க நாத்தனார் வீட்டுக்காரர் விடல. ‘ரெண்டு பக்கமும் ஒரே அளவா, ஒரே வட்டமா முட்டிருக்கு. அம்புட்டுப் பொறுப்பான மாடு எங்கடா இருக்கு, எனக்கும் ஒண்ணு புடிச்சுக் குடு’ன்னாரு.”

அக்கம்மாளும் சிரித்தாள். அவளுக்குக் குற்ற உணர்ச்சி வருகிறதா என்று ஒரு கணம் தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. ஆட்டுக்குட்டி என்று இவளை நினைத்ததற்கு மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“டீச்சர், ஒரு நா பள்ளிக்கூடம் விட்டு வாங்க. நான் ஒரு ஆளக் காட்டுறேன்” என்றாள்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் இருவரும் ராஜப்ரியாவின் தையல் கடைக்குப் போனார்கள். மார்பில் ஆபரேஷன் ஆன பெண்களுக்கு அளவு பார்த்துத் தைத்துக் கொடுக்கிறவள் அவள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அக்கம்மாள் நிறையப் பேரை அவளிடம் அனுப்பியிருக்கிறாள். ராஜப்ரியா எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக அளந்தாள். இடது பக்கம் உள்ளே இரண்டு மடிப்புப் பருத்தித் துணி வைத்து, ஜாக்கெட்டின் மார்புக்கு வடிவம் கொடுக்கும் ‘டக்’ மடிப்பைக் கொஞ்சம் நகர்த்தி, குத்தூசி போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினாள்.

“கையத் தூக்குங்க டீச்சர்.”

சத்தியப்பிரியா சாக்பீஸ் பிடித்த மாதிரி வலது கையைத் தூக்கினாள். கண்ணாடியில் இல்லாத கரும்பலகையின் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு இழுத்தாள். திரும்பிப் பின்பக்கமும் பார்த்தாள். ஜாக்கெட் இரண்டு பக்கமும் ஒன்றுபோல நின்றது.

“இம்புட்டுத்தானா?” என்றாள்.

“இம்புட்டுத்தான்” என்றாள் ராஜப்ரியா, ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே. “ஞாயித்துக்கெழம வாங்கிக்கங்க.”

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சத்தியப்பிரியாவின் போன் அடித்தது. எடுத்து, “ம்”, “ம்”, “பாக்கலாம்” என்று மூன்று பதில் சொல்லி வைத்தாள்.

“யாரு, சாரா?”

“ஆமா. தலைல முடி நடுறாங்களாம், மதுரைல. வீடியோ அனுப்பியிருக்காராம், எது நல்லாருக்குன்னு பாத்துச் சொல்லணுமாம்.”

“யாரு தலைக்கு?”

“அவரு தலைக்குத்தான்” என்றாள் சத்தியப்பிரியா. “இந்த அளவுக்காவது திருந்திட்டாரு.”

சிங்கம்புணரி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவள் ஓடிப்போய் ஏறினாள்.